வீடு என்ற பொத்தான்

தஞ்சோங் மாலிம்,
3 பிப்ரவரி 2025

அன்புள்ள ஷர்மினிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். அங்கே நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாமாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? வாட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்திருப்பதால்தான் மின்னஞ்சல். உன் அண்ணன் தனேஸ்வரனிடம் சொல்லி அனுப்பலாமென்றால், கார் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்ததும் அவர் தூங்கிவிடுவார், சொன்னது அதோடு போய்விடும்.

விஷயம் இதுதான். உங்கள் ரப்பர் தோட்டத்தை வாங்கிய வீட்டுக் கம்பெனி, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கப்போகும் அடுக்குமாடி வீடுகளுக்காக ஓர் ஆப் செய்யச் சொல்லியிருக்கிறது. வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. திரையின் தோற்றம் முழுக்க என் பொறுப்பு. மே மாதக் கடைசிக்குள் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் ஆப்பில் தன் வீட்டை உறுதிப்படுத்த வேண்டும். செய்யாதவருக்கு வீடு கிடையாது.

நானே சொல்லக்கூடாது, நன்றாக வந்திருக்கிறது. திரையின் அடியில் இருக்குமே நேவிகேஷன் பார், அதற்கு மட்டும் இரண்டு வாரம் உட்கார்ந்தேன். வெள்ளைப் பட்டை, மூலைகள் வளைவு, ஐந்து படம், ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஒரு சொல். தொடாத படம் சாம்பல், தொட்டது பச்சை. 'உறுதிப்படுத்தல்' மட்டும் இடத்துக்கு அடங்காமல் 'உறுதிப்ப' என்று வெட்டுப்பட்டு அசிங்கமாக நின்றது. அதைத் தூக்கி 'மேலும்' என்ற மூன்று புள்ளிப் பொத்தானுக்குள் போட்டுவிட்டேன். பட்டை பார்க்க லட்சணமாகிவிட்டது. மாமாவின் போனை வாங்கி நீயே செய்து கொடுத்துவிடு.

அன்புடன்,
ரஜிதா


பத்து காஜா,
19 பிப்ரவரி 2025

ரஜிதா அண்ணிக்கு வணக்கம்.

நாங்கள் சுகம். சர்க்கரை இருக்கிற இடத்தில் இருக்கிறது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக விசாரித்தீர்கள், அப்பாவிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார். அவர் சீக்கிரம் சந்தோஷப்படுகிறவர்.

நீங்கள் செய்த ஆப்பை நான் கையால் தொடுவதாக இல்லை. உங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் உங்கள் அம்மா அம்பிகை எங்கள் லயத்து வாசலில் நின்றுகொண்டு, "இதுதான் வீடா?" என்று கேட்டுவிட்டு, போட்டு வைத்த டீயைத் தொடாமல் போனார். இப்போது நீங்கள் எங்களுக்கு வீடு வாங்கும் வழியைச் சொல்லித் தருகிறீர்கள்.

கவலை வேண்டாம். கம்பெனி ஆள் ஜெயபாலன் வந்து எல்லார் போனிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டார். அப்பா தினமும் காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் அமுக்குகிறார். "வீடு பச்சையாயிருச்சு லா, இனி என்ன?" என்று லயம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வருடக் கடைசியில் லயத்தை இடித்துவிடுவார்கள். அந்த வீட்டை விட்டால் அவருக்கும் எனக்கும் போக்கிடம் இல்லை. அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் அங்கிருந்து ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சாப்பிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

ஷர்மினி


தஞ்சோங் மாலிம்,
4 மார்ச் 2025

அன்புள்ள ஷர்மினிக்கு,

சுகம். உன் சுகமும் உன் எழுத்திலேயே தெரிகிறது.

அம்மா பேசியதற்கு என்னிடம் கணக்குத் தீர்க்காதே. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லையே.

மாமாவுக்குப் பச்சை பிடித்திருப்பது எனக்குப் பெருமைதான். நீலம் போடு, நீலம்தான் கௌரவம் என்றார்கள் ஆபீசில். நான் விடவில்லை. வயதானவர்கள் கண்ணுக்கு உறுத்தாத பச்சையாகத் தேடித் தேடிப் போட்டேன். அவர் தினமும் பார்க்கிறார் என்றால் என் உழைப்பு வீண்போகவில்லை.

ஆனாலும், உறுதிப்படுத்தல் முடிந்ததா என்று ஒரு தடவை நீ பார்த்துவிடு. முடிந்தது என்று ஒரு வரி எழுது, போதும்.

ரஜிதா


பத்து காஜா,
8 ஜூன் 2025

ரஜிதா அவர்களுக்கு,

சுகமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நேற்று பெரட்டுக் களத்தில், அதாவது அந்தக் காலத்தில் விடியுமுன் ஆட்களை நிற்க வைத்துப் பெயர் வாசித்த அதே இடத்தில், பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அப்பாவின் பெயர், அப்பாவு, அதில் இல்லை. பக்கத்து வீட்டுச் சரளாக்கா பெயர் இல்லை. கடைசி லயத்தில் ஒருவர் பெயர்கூட இல்லை.

அப்பா சிரித்தார். பட்டியல் தப்பு, போனில் இருக்கிறதே என்றார். காட்டச் சொன்னேன். உங்கள் லட்சணமான பட்டையில் முதல் படம் ஒரு வீடு. அதன் கீழே 'வீடு' என்று எழுத்து. அவர் அதை அமுக்கினார், பச்சையானது.

"இந்தா பாரு. சாம்பலா இருந்துச்சு. அமுக்குனேன், பச்சையாயிருச்சு. செவப்பு ஐசி நீலமாவுறதுக்கு எத்தன வருசம் நான் காத்துக் கெடந்தேன்? கலரு மாறுனா குடுத்துட்டான்னு அர்த்தம் லா."

உங்களுக்கு இது புரியாது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவன் இந்த நாட்டில் பால் வெட்டலாம், பிள்ளை பெறலாம், சாகலாம், ஓட்டுப் போட முடியாது. நீல ஐசி கைக்கு வந்த அன்றுதான் அப்பா இந்த நாட்டு ஆள் ஆனார். ஆபீசுக்கு ஆபீசாக அலைந்த மனிதர். நிறம் மாறினால் காரியம் முடிந்தது என்பதை அவர் உங்கள் ஆப்பைப் பார்த்துக் கற்கவில்லை. நீல ஐசியோடேயே பிறந்தவர்கள் பச்சையும் சாம்பலும் வைத்து விளையாடினால் எங்களுக்கு இதுதான் நடக்கும்.

உறுதிப்படுத்துகிற பொத்தானைத் தேடினேன். மூன்று புள்ளிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அமுக்கினால் 'காலம் முடிந்தது' என்கிறது.

இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஷர்மினி


தஞ்சோங் மாலிம்,
11 ஜூன் 2025

ஷர்மினிக்கு,

படித்தேன். வருத்தமாக இருக்கிறது. மாமாவை மருந்து தவறாமல் சாப்பிடச் சொல்.

உலகத்தில் எந்த ஆப்பை எடுத்தாலும் அடியில் முதல் படம் வீடுதான். ஆப்பின் முதல் பக்கத்துக்குத் திரும்பு என்று அர்த்தம். எந்தப் பக்கத்தில் நிற்கிறோமோ அந்தப் படம் நிறம் மாறும். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். இதை ஒரு ஆளுக்கு வீடு கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்கள் என்று நான் எப்படிக் கனவு காண்பது?

நீயும் ஒன்று சொல். அவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறவள் நீ. ஈப்போவில் வேலை பார்க்கிறாய், நாள் முழுக்கப் போனும் கையுமாக இருக்கிறாய். பிப்ரவரியில் சொன்னேன், மார்ச்சில் கேட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் போனை வாங்கிப் பார்க்க உனக்கு என்ன கேடு?

ரஜிதா


பத்து காஜா,
20 ஜூன் 2025

ரஜிதா அவர்களுக்கு,

அப்பா மருந்து சாப்பிடுகிறார். உங்கள் வருத்தத்தையும் அதோடு சேர்த்துக் கொடுத்தேன்.

நேற்று ஜெயபாலன் வந்தார். சரளாக்கா பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் அவர் சொல்லிவிட்டார். ஆப்பை முதலில் பார்த்தபோதே, வீட்டுக்காகக் காத்திருக்கிற ஆட்களிடம் 'வீடு' என்று ஒரு பொத்தானைக் கொடுக்காதீர்கள், வேறு சொல் போடுங்கள் என்று உங்கள் ஆபீசுக்கு அவர் எழுதினாராம். 'முகப்பு' என்ற சொல் பட்டையில் வறட்சியாக இருக்கிறது, 'வீடு' இரண்டே எழுத்து, அழகாக உட்காருகிறது என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலை எழுதியது யார்?

உங்கள் தாத்தா ஏதோ ஒரு தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவராக இருந்தார், காலையில் பெரட்டில் எங்கள் ஆட்களுக்குப் பெயர் வாசித்தவர் என்று உங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். கிராணி ஒரு பெயரை வாசிக்காமல் விட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. பேத்தி விட்டதில் கூரையே இல்லை.

எனக்கு ஒன்றுதான் வேண்டும். இந்தப் பட்டையால்தான் மக்கள் ஏமாந்தார்கள் என்று உங்கள் கையால் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். அப்படி எழுத்தில் வந்தால் மறுபடி திறப்பார்கள் என்று ஜெயபாலன் சொல்கிறார். அண்ணனிடமும் பேசினேன். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க லா" என்று வைத்துவிட்டார்.

ஷர்மினி


தஞ்சோங் மாலிம்,
29 ஜூன் 2025

ஷர்மினிக்கு,

நலம். செத்துப்போன தாத்தாவை இழுத்து நீ எழுதியதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

நீ கேட்டபடி எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. ஆபீசில் எல்லோரும் பார்த்துச் சம்மதித்த வேலை அது. ஆனால் பட்டையை மாற்றிவிட்டேன். வீட்டுப் படத்தை எடுத்தாகிவிட்டது, 'முகப்பு' என்று போட்டாகிவிட்டது. பச்சை போய் கறுப்பு. 'உறுதி' என்று சுருக்கி அதைப் பட்டைக்கே கொண்டுவந்துவிட்டேன். நாளை காலை எல்லார் போனிலும் தானாக மாறிவிடும். இனி யாரும் ஏமாற வழியில்லை. இதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை.

ரஜிதா


பத்து காஜா,
5 ஜூலை 2025

ரஜிதா அவர்களுக்கு,

மாற்றிவிட்டீர்கள். நன்றாக மாற்றினீர்கள்.

திங்கட்கிழமை காலை அப்பா போனை எடுத்தார். வீடு இல்லை. படமும் இல்லை, எழுத்தும் இல்லை, பச்சையும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதுவரை அவர் அந்தப் பட்டியலை நம்பவேயில்லை, தெரியுமா? ஜெயபாலனிடம் போனைக் காட்டினால் திருத்திவிடுவார்கள் என்றுதான் இருந்தார். அன்றைக்குத்தான் காட்டப் போவதாக இருந்தார், சட்டைகூடத் தேய்த்து மாட்டியிருந்தது.

"வீட்ட எடுத்துட்டானுங்கமா," என்றார்.

நான் வேலைக்குப் போய்விட்டேன். அவர் பஸ் ஏறிப் பத்து காஜா டவுனில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குப் போய், போனை மேசைமேல் வைத்துவிட்டு, "போட்டிருந்த வீட்டத் திரும்பப் போடுங்க" என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த பெண் போனைப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் இல்லையே ஐயா என்றாளாம். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். சரளாக்காதான் போய்க் கூட்டிவந்தார். வந்தவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து வந்தார்.

எங்கள் பக்கம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பட்டை. அதைத் துடைத்துவிட்டீர்கள். தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா என்று நான் யோசிக்கவில்லை. இரண்டும் எனக்கு ஒன்றுதான். உங்களுக்குப் பெண் பிறந்தால் மாதுமை என்று பெயர் வைப்போம், உங்களைப்போல் அழகாக வரைவாள் என்று ஒரு காலத்தில் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். உங்களுக்குப் பிள்ளை இல்லாமல் போனது நல்லதுதான் என்று எனக்கு இன்று தோன்றுகிறது. எழுதிவிட்டேன், அழிக்கமாட்டேன்.

ஷர்மினி


தஞ்சோங் மாலிம்,
23 ஜூலை 2025

ஷர்மினிக்கு,

மாமா தேறிவிட்டார் என்று தனேஸ்வரன் சொன்னார். சர்க்கரைக்கு மருந்து சாப்பிட்டுவிட்டுச் சோறு சாப்பிடாமல் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ எழுதி ஒட்டி வை.

நீ கடைசியில் எழுதியதை நான் படித்தேன். படித்தேன் என்பது உனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். பழைய பட்டையின் படம், புதியதின் படம், ஜெயபாலன் எழுதியது, அதற்கு நான் எழுதிய பதில், எல்லாம் வைத்து அனுப்பினேன். சொல்லும் நிறமும் என் தேர்வு, மக்கள் ஏமாந்தது அதனால்தான் என்று என் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். விடுபட்ட குடும்பங்களுக்கு ஆகஸ்ட் பதினைந்து வரை மறுபடி திறந்துவிட்டார்கள். இன்னொரு தடவை திறக்கமாட்டார்கள்.

'உறுதி' பொத்தானை அமுக்கினால் ஒரு பக்கம் வரும். குடும்பத் தலைவரின் முகத்தைக் காட்ட வேண்டும். உடன் இருக்கப்போகிற இரண்டு பேரின் பெயரைக் கேட்கும். பெயர் இருக்கிறவர்கள்தான், பிற்பாடு தலைவர் இல்லாமல் போனாலும், அந்த வீட்டில் இருக்கலாம். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். பார்த்துச் செய்.

இனிமேல் இந்த முகவரிக்கு எழுது. ஆபீஸ் முகவரிக்கு எழுதினால் எனக்கு வராது.

ரஜிதா


பத்து காஜா,
6 ஆகஸ்ட் 2025

ரஜிதா அவர்களுக்கு,

நானும் அப்பாவும் இருக்கிறோம். நீங்கள் எழுதிக் கொடுத்ததை ஜெயபாலன் எல்லார் முன்னாலும் வாசித்தார். சரளாக்கா வீடு உறுதியாகிவிட்டது. கடைசி லயம் முழுக்க முடிந்தது.

எங்கள் வீடுதான் பாக்கி. அப்பா போனைத் தொடமாட்டேன் என்கிறார். முகத்தின் முன்னால் பிடித்தால் திரும்பிக்கொள்கிறார். நான் அமுக்குவதும் இவன்கள் எடுத்துக்கொள்வதும் போதும் என்கிறார். கெஞ்சினேன், கத்தினேன், சரளாக்காவும் பேசிப் பார்த்தார். நேற்று ஒரு வார்த்தை சொன்னார்: "செஞ்சவ வரட்டும். அவ வந்து பக்கத்துல ஒக்காந்து அமுக்கச் சொன்னா அமுக்குறேன்."

நான் உங்களைக் கூப்பிடவில்லை. அவர் சொன்னதை எழுதியிருக்கிறேன். பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை.

ஷர்மினி


பத்து காஜா,
21 ஆகஸ்ட் 2025

ரஜிதா அவர்களுக்கு,

வந்தீர்கள். காரியத்தை முடித்தீர்கள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் காரைவிட்டே இறங்கவில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், நிஜமாகவே. அதற்குள் கம்பெனியிலிருந்து உறுதிக் கடிதம் வந்துவிட்டது.

தலைவர்: அப்பாவு. உடன் வசிப்பவர்: ஷர்மினி. இன்னொன்று வெறும் கோடு.

அண்ணன் பெயர் எங்கே? அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் முகம் செத்துவிட்டது. "நா தனேசு பேரு சொன்னேனே, அந்தப் புள்ள எழுதலயா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பெற்ற மகனின் பெயரை அப்பன் வீட்டிலிருந்து வெட்டிவிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? எங்கள் அழுக்கு உங்கள் வீட்டுக்காரர்மேல் ஒட்டிவிடும் என்று பயமா? எழுதிக் கொடுத்தீர்கள், நல்லவள் ஆனீர்கள், வந்து உட்கார்ந்தீர்கள், போகிற போக்கில் இதையும் செய்துவிட்டீர்கள். உங்கள் அம்மா வாசலில் நின்று கேட்டதோடு போனார். நீங்கள் உள்ளே வந்து அறுத்துவிட்டுப் போனீர்கள்.

ஏன் வெட்டினீர்கள்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஷர்மினி


தஞ்சோங் மாலிம்,
25 ஆகஸ்ட் 2025

ஷர்மினிக்கு,

சுகம் விசாரிக்கவில்லை. இப்படித் திட்ட முடிகிறவளுக்கு ஒரு குறையும் இருக்காது.

நீ டீ போடப் போயிருந்தாய். பக்கம் இரண்டு பெயர் கேட்டது. மாமாவிடம் கேட்டேன். "தனேசு பேரு போடுமா. ஒம் பேரு போடு. மருமக வந்து இருக்கணும்னுதானே இந்த வீட்டுக்கு நா இவ்வளவு பாடுபட்டேன்," என்றார். தலையைக் குனிந்துகொண்டு தட்டினேன். இரண்டு பெயரும் உட்கார்ந்துவிட்டது, இடமும் முடிந்துவிட்டது.

ஷர்மினி பெயர் மாமா, என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ எங்க போவா? இங்கதானே கெடப்பா."

நான் மறுபடி கேட்கவில்லை. இரண்டு பெயரையும் அழித்தேன். உன் பெயரைப் போட்டேன். உன் அண்ணன் பெயரை மறுபடி போட்டிருக்கலாம், போடவில்லை. மாமாவுக்குப் பிறகு அவர் வீட்டை விற்றுவிட்டு, "நீங்க பேசிக்கங்க லா" என்று போய்விடுவார். அவரோடு குடும்பம் நடத்துகிறவள் நான், எனக்குத் தெரியும். பிறகு போனை நீட்டினேன். மாமா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உறுதியை அமுக்கினார். அந்தச் சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது. நானும் வாசித்துக் காட்டவில்லை.

உன்மேல் பாசத்தில் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் பெயர் அந்த வீட்டில் இருந்தால் ஒரு நாள் உன்னோடு வந்து இருக்க வேண்டிவரும். அதைவிட எனக்கு வேறு தண்டனை வேண்டாம்.

மாமாவிடம் நீ சொன்னதையே சொல். ரஜிதா திமிர் பிடித்தவள், வேண்டுமென்றே வெட்டிவிட்டாள் என்று சொல். நம்புவார், நீயே நம்பினாயே. அவர் உன்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் அவரிடம் போய்க் கேட்டு நிற்காதே. அவர் மறுக்கக்கூட மாட்டார், அதில் என்ன தப்பு என்றுதான் கேட்பார்.

இன்னொரு இடம் காலியாக இருக்கிறது. யார் பெயர் வேண்டுமோ நீ போட்டுக்கொள். எப்படி மாற்றுவது என்று என்னிடம் கேட்காதே, அந்த ஆப்புக்குள் போக எனக்கு இப்போது அனுமதி இல்லை.

ரஜிதா